லேக்ரிட்ஜ் ஸ்கீ ரிசோர்ட், அக்ஸ்பிரிட்ஜ்: பிள்ளையளின்ர முதல் ஸ்கீயிங்குக்கு இது காணும்

ரொறன்ரோவைச் சுத்தி ஏஜக்ஸ், பிக்கரிங், மார்க்கம், ஸ்காபரோ பக்கம் இருக்கிற எங்கட ஆக்கள் கன பேர் ஜனவரி பிறந்தவுடன கேக்கிற கேள்வி, பிள்ளையளுக்கு ஸ்கீயிங் பழக்கோணும் எங்க கொண்டு போறது எண்டு, அதுக்கு ஆரைக் கேட்டாலும் வாற மறுமொழி புளூ மவுன்ரன் எண்ட பெரிய ஸ்கீ மலை. நான் மாறிச் சொல்லுறன். முதல்முதல் போறதெண்டா புளூ மவுன்ரன் வேண்டாம், லேக்ரிட்ஜ் தாராளமாக் காணும். எங்கட மூத்தவனுக்கு 9 வயசு, சின்னவளுக்கு 5, ரெண்டு பேரும் ஸ்கீயைக் காலில கொளுவிப் பழகினது இஞ்சதான், மச்சாளின்ர பெடியனும் எங்களோட வாறவன், அவனுக்கு 7. போன விண்டர் முழுக்கப் போய்வந்ததை வைச்சு எழுதுறன். நான் ஸ்கீ செய்யிற ஆளில்லை, வேலிக்கரையில நிண்டு குளிர் வாங்கிற ஆள், அதால இதை அம்மாமாருக்கான ரிவ்யூ எண்டு வாசியுங்கோ.

முதல் உயரக் கதையைப் பாப்பம். புளூ மவுன்ரன் அடியிலயிருந்து உச்சி கிட்டத்தட்ட 220 மீற்றர். லேக்ரிட்ஜ் அதில அரைவாசியும் இல்லை, 90 மீற்றர் மட்டில வரும். இதைக் கேட்டிட்டு என்ர மனுசன் "உதுக்குப் போய் மலையெண்டு பேர் வைச்சிருக்கிறாங்களே" எண்டு நல்லாப் பகிடி விட்டவர். சரி, முதல் நாள் போற பிள்ளை எவ்வளவு உயரத்தில ஏறப்போகுது? முதல் நாள் முழுக்க அதுகள் நிக்கப்போறது பழகிறாக்களுக்கெண்டு விட்டிருக்கிற சின்னச் சரிவில, வேகமா நடந்தா ஒரு நிமிஷத்தில மேல ஏறிடலாம், அவ்வளவுதான். அந்தச் சின்னச் சரிவுக்காக ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல காரோடி, ஹோட்டல் போட்டு, பெரிய மலைக்குரிய காசைக் குடுத்து, பிள்ளை ஒண்டரை மணித்தியாலத்தில "அம்மா கால் நோகுது வீட்ட போவம்" எண்டு அழத் தொடங்கினா ஆருக்கு நட்டம்? லேக்ரிட்ஜில அழுதா உடன காரில ஏத்திக்கொண்டு வீட்ட வந்து மத்தியானச் சோறு சாப்பிடலாம். எனக்கு இதுதான் முழு விஷயமும்.

போற வழி எங்களுக்கு சரியான லேசு, ஏஜக்ஸுக்கும் விற்பிக்கும் இடையில போற லேக் ரிட்ஜ் ரோட்டைப் பிடிச்சு வடக்கால போய்க்கொண்டே இருக்கிறது, பிறகு சோக் லேக் ரோட்டில திரும்பிறது. ஸ்காபரோ, மார்க்கத்திலயிருந்து வாறாக்கள் 407 ஹைவே எடுக்கிறதெண்டா ஒண்டைக் கவனியுங்கோ, புறொக் ரோட்டுக்குக் கிழக்கால இருக்கிற 407 துண்டுக்கு 2025 ஜூனோட ரோல் காசு இல்லை, 412 ஹைவேக்கு 2022 ஏப்ரலிலயே எடுத்திட்டாங்கள், ஆனா புறொக் ரோட்டுக்கு மேற்கால ஏறினா பில் வீட்ட வரும், அது பிறைவேற்காரர் நடத்திற துண்டு. போற வழியில தரை கொஞ்சம் கொஞ்சமா மேடு பள்ளமா மாறிறதைப் பாக்கலாம். சப்பட்டையா இருக்கிற இந்த ஊருக்குள்ள மலை எங்கால வந்தது எண்டு மூத்தவன் கேட்டவன், உண்மையில அது ஓக் ரிட்ஜஸ் மொறெயின் எண்டு சொல்லுற நீட்டு மேடு, பனிக்கால முடிவில பெரிய பனிப்பாறையள் உருகேக்க கொண்டுவந்து கொட்டிவிட்ட மணலும் கல்லும் தான், நயாகரா எஸ்காற்ப்மென்ற்றிலயிருந்து ட்ரென்ற் ஆறு வரைக்கும் ஒரு 160 கிலோமீற்றருக்குக் கிடக்குது. அதில ஒரு முதுகில தான் இந்த மலை. "அப்ப இது மலை இல்லை, மணல் கும்பி" எண்டான். சரிதான்.

விலையை நான் இதில எழுதேல்லை, சீசனுக்குச் சீசன் மாறுது, வீக்கெண்டுக்கு ஒண்டு கிழமை நாளுக்கு ஒண்டு பின்னேரத்துக்கு ஒண்டு எண்டு வைச்சிருப்பினம், வெப்சைற்றில பாருங்கோ. புதுசாப் பழகிற ஆக்களுக்கு லிஃப்ற் ரிக்கெற், ரென்ரல் (சாமான் வாடகை), லெசன் மூண்டையும் சேத்து வாற பக்கேஜ் இருந்தா கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கோ, தனித்தனியாக் கூட்டிப் பாத்தா கூட வரும், அதோட 13 வீதம் எச்எஸ்ரி வரியும் மேல ஏறும் எண்டதை மறக்காதேங்கோ. சனி ஞாயிறெண்டா முதலே ஒன்லைனில எடுத்து, அடிபட்டா வழக்குப் போடமாட்டன் எண்டு ஒப்பம் வைக்கிற வேவர் ஃபோர்மையும் வீட்டில இருந்தே நிரப்பிக்கொண்டு போங்கோ. நாலாம் அஞ்சாம் கிறேட் பிள்ளையள் இருந்தா கனடியன் ஸ்கீ கவுன்சில் குடுக்கிற ஸ்னோபாஸையும் தேடிப் பாருங்கோ, ஒரு சின்னக் காசுக்குக் கன மலையளில சில ரிக்கெற்றுகள் கிடைக்கும், எந்த வயசு எத்தினை ரிக்கெற் எண்ட விதியளை அந்தந்த வருஷம் பாத்துக்கொள்ளுங்கோ.

ரென்ரல் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும், ஏனெண்டா முதல் நாள் நல்லாப் போறதும் நாறிப் போறதும் அங்கதான் முடிவாகுது. ஃபோர்மில பிள்ளையின்ர வயசு, உயரம், நிறை கேப்பினம். எங்கட ஆக்கள் இதில சும்மா ஒரு நம்பரைப் போடுவினம், எனக்கு முன்னால நிண்ட ஒரு அக்கா மகளின்ர நிறையைக் குறைச்சு எழுதச் சொல்லி மனுசனுக்குக் காதுக்குள்ள சொன்னவ, அந்தப் பிள்ளை பக்கத்தில நிண்டு "அம்மா பொய் சொல்லுறா" எண்டு இங்கிலிஷில பிலத்துச் சொல்லுது. நிறையை அவையள் சும்மா கேக்கேல்லை. பூற்ஸையும் ஸ்கீயையும் பிடிச்சு வைச்சிருக்கிற பைண்டிங் எவ்வளவு இழுவைக்குக் கழரவேணும் எண்டதை நிறை, உயரம், வயசு, பூற்ஸின்ர அடிநீளம், ஓடுற திறமை எல்லாத்தையும் வைச்சுத்தான் முறுக்கி விடுவினம். கூடச் சொன்னா பிள்ளை விழேக்க ஸ்கீ கழராமல் காலை முறிக்கும், குறைச்சுச் சொன்னா சும்மா திரும்பினாலே கழண்டு விழும். வெக்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கோ, உங்கட நிறையையும் தான்.

பூற்ஸ் தான் பிள்ளையள் முதல் வெறுக்கிற சாமான். சீமெந்து வாளிக்குள்ள காலை விட்ட மாதிரி இருக்கும், அது அப்பிடித்தான் இருக்கோணும். குளிருமெண்டு ரெண்டு மூண்டு சொக்ஸ் போட்டுவிடுறது எங்கட வழக்கம், இதில அது சரிவராது, ரெண்டாவது சொக்ஸ் மடிஞ்சு அழுத்தி இரத்தோட்டம் குறைஞ்சு விரல் இன்னும் குளிரும். முழங்கால் வரைக்கும் வாற மெல்லிசான ஒரே ஒரு நீள சொக்ஸ், அவ்வளவுதான். காலை உள்ள விட்டதும் குதியை நிலத்தில ரெண்டு தரம் தட்டச் சொல்லுங்கோ, குதி பின்னால போய் இருந்தாப் பிறகு கொளுக்கியளைப் பூட்டுங்கோ, நிமிர்ந்து நிண்டா பெருவிரல் முன்னால மட்டுமட்டா முட்டும், முழங்காலை மடிச்சு முன்னுக்குச் சாஞ்சா விரல் பின்னால வந்திடும், அப்ப சைஸ் சரி. உள்ள ஸ்நோ பான்ற்ஸோ லோங் ஜோன்ஸோ மடிஞ்சு மாட்டுப்பட்டிருந்தா அரை மணித்தியாலத்தில பிள்ளை அழும், அதால உள்ளுக்க சொக்ஸ் மட்டும், பான்ற்ஸை வெளியால இழுத்து பூற்ஸுக்கு மேல விடுங்கோ. ரென்ரலில நிண்ட பெடியன் சின்னவளின்ர பூற்ஸைக் கழட்டிக் கழட்டி மூண்டாவது சைஸ் வரைக்கும் மாத்திக் குடுத்தவன், முகத்தில ஒரு சுழிப்பும் இல்லை, பின்னால லைன் நிக்குது, அவன் முழங்காலில இருந்து கொண்டு "கால் விரலை ஆட்டிக் காட்டு பாப்பம்" எண்டு கேக்கிறான். அந்தப் பொறுமைக்கே நான் ஒரு ஸ்ரார் கூடப் போடுவன்.

இன்னொண்டு, பூற்ஸ் போட முதல் பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. வரேல்லை எண்டு சொன்னாலும் கூட்டிக்கொண்டு போங்கோ. இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

இனி லெசன். நான் காசு குடுத்ததில முழுப் பெறுமதியும் வந்தது இதில தான். இன்ஸ்ரக்ரர் எண்டு வந்தது ஒரு ஹைஸ்கூல் முடிக்கிற வயசுப் பெட்டை, எனக்கு உள்ளுக்க ஒரு சந்தேகம், இந்தப் பிள்ளையே பிள்ளை எண்டு. ஆனா அவ செய்த வேலையைப் பாக்கோணும். முதல் ஸ்கீயே இல்லாமல் பூற்ஸோட மட்டும் நடக்க விட்டா, பிறகு ஒரு காலில மட்டும் ஸ்கீயைக் கொளுவி வட்டமா ஓட விட்டா, பிறகு மற்றக் கால். தடி குடுக்கவே இல்லை, சின்னப் பிள்ளையளுக்குத் தடி குடுத்தா ஆளையாள் குத்திறதுக்குத் தான் பாவிக்குங்கள். அதுக்குப் பிறகு விழப் பழக்கினா. பக்கமாச் சரிஞ்சு விழு, ஸ்கீ ரெண்டையும் சரிவுக்குக் குறுக்கால வை, கையை ஊண்டி எழும்பு, இதையே திருப்பித் திருப்பி. மூத்தவன் "எனக்கு விழத் தெரியும்" எண்டு முறைச்சுக் கொண்டு நிண்டவன், பிறகு உண்மையா விழேக்க மூண்டு பேருக்கை அவன் தான் எழும்ப ஏலாமல் ஆமையாக் கிடந்தவன்.

மஜிக் கார்ப்பெற் எண்டு ஒண்டு இருக்கு, எயார்ப்போர்ட்டில நடக்காமல் நிண்டு கொண்டு போற பெல்ற் இருக்கே அதுதான், ஸ்நோவில சரிவா மேல போகும். பிள்ளை அதில ஏறி நிண்டா மேல கொண்டுபோய் விடும். பழகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல லிஃப்ற் இல்லை, ஏறி இறங்கப் பயப்பிடத் தேவையில்லை, விழுந்தாலும் நிப்பாட்டி விடுவினம். மேல போனதும் பீற்சா. ஸ்கீயின்ர முன் நுனி ரெண்டையும் கிட்டக் கொண்டுவந்து பின்பக்கத்தை அகட்டினா அது ப்ரேக், அதைத் தான் பீற்சா எண்டு பழக்கினம், நேரா வைச்சா ஃப்ரென்ச் ஃப்ரைஸ், அப்ப வேகம் எடுக்கும். மச்சாளின்ர பெடியன் ஃப்ரென்ச் ஃப்ரைஸை மட்டும் பிடிச்சுக் கொண்டான், பீற்சா வேண்டாமாம், நேரா வந்து கீழ கட்டியிருந்த ஒரேஞ் வலையில தான் ப்ரேக் அடிச்சவன், எழும்பிச் சிரிக்கிறான், மச்சாளுக்குத் தான் உயிர் போயிட்டுது.

சின்னவள் மேல போனதும் ஸ்நோவில இருந்திட்டாள். வரமாட்டன். எனக்குக் கீழ நிக்க ஏலேல்லை, வலைக்குள்ளால புகுந்து போவமோ எண்டு பாக்கிறன், அந்த இன்ஸ்ரக்ரர் பிள்ளை தானும் பக்கத்தில ஸ்நோவில இருந்திட்டா. என்ன கதைச்சதோ தெரியாது, சின்னவள் தன்ர மிற்றனைக் கழட்டிக் காட்டுறாள், அதில இருக்கிற யூனிகோர்னைக் காட்டுறாள் போல, அவ தன்ர கிளவுஸைக் கழட்டிக் காட்டுறா, மற்றப் பிள்ளையள் ரெண்டு பேரும் கீழ போய்த் திரும்ப மேல வந்திட்டாங்கள், இவை இன்னும் இருந்து கதைக்கினம். பிறகு அவ எழும்பி, முகத்தைச் சின்னவளின்ர பக்கம் திருப்பிக் கொண்டு, தான் பின்பக்கமா வழுக்கிக் கொண்டு, சின்னவளின்ர ஸ்கீ நுனி ரெண்டையும் கையால சேத்துப் பிடிச்சுக் கொண்டு மெல்ல மெல்லக் கொண்டு வந்தா. நடுவில கையை எடுத்திட்டா. சின்னவளுக்கு அது தெரியாது. கீழ வந்து நிண்டதும் என்னைப் பாத்துக் கத்தினது, "அம்மா அகெய்ன்!"

அப்பாமாரே, உங்களுக்கொரு வேண்டுகோள். வேலிக்கரையில நிண்டு "முழங்காலை மடி, முழங்காலை மடியடா, முன்னுக்குப் பார்" எண்டு கத்தாதேங்கோ. ஸ்கீயில பிள்ளை எங்க பாக்குதோ அந்தப் பக்கம் தான் போகும், நீங்கள் கூப்பிட்டா அது உங்களைப் பாக்கும், உங்களைப் பாத்தா வேலிப்பக்கம் திரும்பும், விழும். இவரை நான் கோப்பி வாங்கக் கடைசியில சலேக்கு, அதுதான் மலையடியில சாப்பிட, இளைப்பாற இருக்கிற கட்டிடம், அனுப்பிப்போட்டன். ஸ்கீ நல்லாத் தெரிஞ்ச தாய் தேப்பனுக்கும் இதைத் தான் சொல்லுவன், கார் பழக்கிறதும் ஸ்கீ பழக்கிறதும் சொந்தத்துக்குள்ள வேண்டாம். இஞ்ச பழக்கிற ஆக்கள் கனபேர் சிஎஸ்ஐஏ எண்டுற கனடாவின்ர இன்ஸ்ரக்ரர் சங்கத்தின்ர லெவல் முடிச்ச ஆக்கள், பழக்கிறதுக்கெண்டே பழகினவை.

சின்ன மலையின்ர அருமை எனக்கு விளங்கினதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அதுக்கு முந்தின வருஷம் வடக்கால ஒரு பெரிய இடத்துக்கு, பேர் வேண்டாம், குடும்பமாப் போனனாங்கள், ரென்ரல் லைனில நிண்டு நிண்டு லெசன் தொடங்கிற நேரம் தாண்டி, போனா "லேற், அடுத்த குறூப் ஃபுல்" எண்டிட்டினம், காசும் திருப்பித் தரேல்லை. பிள்ளையள் சலே யன்னலால மலையைப் பாத்துக் கொண்டு ஃப்ரைஸ் சாப்பிட்டிட்டு வந்ததுதான் மிச்சம். எங்க போனாலும் லெசனுக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் கூட முன்னுக்குப் போங்கோ, ஆனா லேக்ரிட்ஜ் கிட்ட இருக்கிறதால அந்த வெள்ளனப் போறது எங்களுக்கு ஒரு கஷ்டமா இருக்கேல்லை.

கம்பியில தொங்கிக்கொண்டு மேல போற கதிரை, செயர் லிஃப்ற், அதில எப்ப ஏத்திறது எண்டு அவசரப்படாதேங்கோ. பீற்சா போட்டுச் சொன்ன இடத்தில நிக்கத் தெரியோணும், ரெண்டு பக்கமும் திரும்பத் தெரியோணும், அதுக்குப் பிறகு தான். லிஃப்ற்காரரிட்ட முதல் தரம் எண்டு சொன்னா மெதுவாக்கி விடுவினம், அதைச் சொல்ல வெக்கப்படத் தேவையில்லை. சின்னப் பிள்ளையைப் பெரிய ஆள் ஒருத்தருக்குப் பக்கத்தில இருத்தி, உடன முன்னால வாற பாதுகாப்புக் கம்பியை இறக்குங்கோ. கழுத்தில ஸ்கார்ஃப் கட்டி விடாதேங்கோ, லிஃப்ற்றில மாட்டுப்பட்டா ஆபத்து, நெக் வோமர் தான் சரி. மேல போனா பச்சை வட்டம் போட்டிருக்கிற ரன் லேசு, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு டயமண்ட் எங்களுக்கில்லை. முன்னால போற ஆளுக்குத் தான் முதல் உரிமை, பின்னால வாற ஆள் தான் விலத்திப் போகோணும், இது கனடா முழுக்க எல்லா மலையிலயும் போர்ட்டில எழுதியிருக்கிற சட்டம், பிள்ளையளுக்கு வீட்டிலயே சொல்லிக் குடுங்கோ.

குறை எண்டா? மலை சின்னன், கொஞ்சம் ஓடத் தெரிஞ்ச பெரிய பெடியளுக்கு ரெண்டு மூண்டு தரம் போக அலுத்திடும், மூத்தவன் சீசன் முடிவில அதைச் சொல்லத் தொடங்கிட்டான். தெற்கு ஒன்ராரியோவின்ர பனியை நம்ப ஏலாது, ஒரு நாள் மைனஸ் 15, மற்ற நாள் மழை, மெசினால அடிக்கிற ஸ்நோவை வைச்சுத்தான் இந்தப் பக்கத்து மலையள் ஓடுது, மழை பெய்து இரவு உறைஞ்சா விடியக் கண்ணாடியாக் கிடக்கும், அண்டைக்குப் புதுப் பிள்ளையைக் கொண்டு போகாதேங்கோ. மைனஸ் 2, 3 மட்டில இருக்கிற மப்பு நாள் தான் பழகிறதுக்குச் சுப்பர். ஃபமிலி டே வீக்கெண்டும் மார்ச் பிறேக்கும் சனம் அள்ளும். கிழமை நாள் பகலில பள்ளிக்கூட பஸ்ஸுகள் வரும், அதால எனக்குப் பிடிச்சது கிழமை நாள் பின்னேரம், லைற் போட்டு விடுவினம், லைனும் குறைவு, பிள்ளைக்கு அடுத்த நாள் பள்ளிக்கூடம் எண்டது தான் பிரச்சினை.

சாப்பாடு எந்த ஸ்கீ மலையிலயும் விலைதான். நாங்கள் ரோல்ஸும் ஃபிளாஸ்க்கில தேத்தண்ணியும் கொண்டு போய்க் காருக்குள்ள இருந்து சாப்பிடுறது. அம்மம்மா, அப்பம்மா ஆரும் வந்தா காத்தடிச்ச ரியூபில இருந்து வழுக்கிற ரியூபிங் இருக்கு, அதுக்கு ரிக்கெற் வேற, லெசன் ஒண்டும் தேவையில்லை, குந்தியிருந்தா காணும்.

சாமான் வாங்கிறதைப் பற்றி எல்லாரும் கேப்பினம். ஹெல்மெற்றும் கொகிள்ஸும் மட்டும் சொந்தமா வாங்குங்கோ, சைக்கிள் ஹெல்மெற்றோ ஹொக்கி ஹெல்மெற்றோ இதுக்குச் சரிவராது, ஸ்கீக்கெண்டு வாறதை வாங்குங்கோ. கிளவுஸை விட மிற்றன் தான் சின்னக் கையளுக்குச் சூடு, ரெண்டு சோடி கொண்டு போங்கோ, முதல் சோடி அரை மணித்தியாலத்தில நனையும். ஸ்நோ பான்ற்ஸ் வல்யூ விலேஜ் எண்ட பழைய உடுப்புக் கடையில எடுத்தாலும் காணும், ஒரு விண்டருக்குத் தான் அளவா இருக்கும். ஸ்கீயும் பூற்ஸும் முதல் வருஷம் வாங்காதேங்கோ. பிள்ளைக்குப் பிடிச்சுக் கொண்டா அடுத்த வருஷம் சீசன் முழுக்க வாடகைக்குக் குடுக்கிற கடையள் இருக்கு, விண்டர் தொடங்கேக்க எடுத்து வசந்தத்தில திருப்பிக் குடுக்கிறது, பாவிச்ச சாமானுக்குப் பிளே இற் எகெய்ன் ஸ்போர்ட்ஸ் போல இடங்களும் இருக்கு. ஆனா ஒக்ரோபருக்குள்ள போங்கோ, நவம்பர் முடியப் போனா 5, 6 வயசுப் பிள்ளையின்ர பூற்ஸ் சைஸ் தான் முதல் முடிஞ்சு கிடக்கும்.